மேல்கொத்து

மூன்று வருடத் திட்டத்தை எங்கள் தேனி ஆபீஸ் மேனேஜர் வினோத்ராஜ் சார் திரையில் போட்டு விளக்கிய அன்று நான் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போயிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் ஆளாளுக்கு என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்த மீட்டிங்குக்கு நீங்களும் வந்திருந்தீங்கள்ல மேடம்?"

வந்திருந்தேன். தேனியில் அந்த ஹோட்டல் ஹாலில் மூன்றாவது வரிசையில், ஏசிக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'கம்பெனியின் திட்டமும் ஷெட்டின் வேலையும் ஒன்றாக நடக்க வேண்டும்' என்று முதல் படத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஷெட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டதே அதற்காகத்தான். அரை மணி நேரம் ஆகியிருக்கும். இருபது பேருக்குத்தான் சாப்பாடு சொல்லியிருக்கிறீர்கள் என்று ஹோட்டல்காரர் வந்து நின்றார். உட்கார்ந்திருந்ததோ நாற்பது பேர். முதலாளி தலையைத் திருப்பி ஹால் முழுக்கப் பார்த்தார். கண் வந்து என்மேல் நின்றது.

"ஏம்மா மகா, நீ கொஞ்சம் போயி என்னன்னு பாத்துட்டு வாயேன்."

முப்பத்தொன்பது ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சோற்றைப் போய்ப் பார்க்க என்னை விட்டால் வேறு நாதி ஏது? போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் நின்று, பொரியல் குறைகிறது, மோர் குறைகிறது என்று சண்டை போட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினால் ஹாலில் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

நான் மகாலட்சுமி. சுருளிப்பட்டியில் சுந்தரலிங்கம் முதலாளியின் திராட்சை ஷெட்டுக்கு இன்சார்ஜ். தோட்டத்திலிருந்து வெட்டி வரும் பன்னீர் திராட்சையைத் தரம் பிரித்து, எடை போட்டு, பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றுகிற வரைக்கும் என் பொறுப்பு. என்னிடம் முப்பத்து நாலு பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருப்பது முருகம்மாள், என் அண்ணன் பெண்சாதி. அண்ணன் கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்தில் சரிவில் விழுந்து இடுப்பு உடைந்து, ஐந்து வருடமாகக் கட்டிலில் கிடக்கிறான். வீட்டில் அடுப்பு எரிவது மதினியின் இரண்டு கையால்தான். மற்றவர்கள் கதையும் கொஞ்சம் முன்னே பின்னே இதே கதை. ஷெட் ஊருக்குள்ளேயே இருப்பதால், ஒருத்தி மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருவாள், இன்னொருத்தி கைப்பிள்ளையைக் கூடவே கொண்டுவந்து படுக்க வைத்திருப்பாள். இந்த ஷெட் இல்லையென்றால் அத்தனை பேரும் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறித்தான் பிழைக்க வேண்டும். அண்ணனைக் கட்டிலில் தனியாகப் போட்டுவிட்டு மதினி எப்படி மலையேறுவாள்?

எங்கள் பழம் இருபத்தைந்து வருடமாகக் கேரளாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டி, உள்ளே செய்தித்தாள், பெட்டிக்குப் பத்துக் கிலோ. எடை சரியானதும் பெட்டியைத் தராசிலிருந்து இறக்கி, தாளை மடிப்பதற்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கொத்தை வைப்போம். அதற்கு மேல்கொத்து என்று பெயர். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. யாரும் வைக்காமல் விட்டதுமில்லை. எடை போட்டதோடு தாளை மூடுகிறவளை 'மொட்டைக்கைக்காரி' என்பார்கள். குழாயடிச் சண்டையில்கூட அந்த வார்த்தையை அவ்வளவு லேசில் எடுக்க மாட்டார்கள். நானும் ஆறு வருடம் பெட்டி அடுக்கியவள், தபாலில் பி.காம். முடித்து இன்சார்ஜ் ஆனவள். என் கையும் அப்படிப் பழகிய கைதான்.

கோட்டயம் வியாபாரி ஒருவர், லாரியிலிருந்து பெட்டி இறங்கினதும் தாளை விலக்கி முதலில் அந்தக் கொத்தைத்தான் பார்ப்பாராம். "கொள்ளாம்", நன்றாக இருக்கிறது, என்பாராம். மற்ற ஷெட்டுப் பெட்டியெல்லாம் கிடக்க, எங்கள் பெட்டி முதலில் விற்றுத் தீர்ந்தது அதனால்தான். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்த மனிதர், வினோத்ராஜ் சார் திட்டம் எழுதியபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். மூச்சு விடுகிறோம் என்பதைப் போய் யாராவது மீட்டிங்கில் சொல்வார்களா?

திட்டம் இதுதான். கேரளாவை விட்டுவிட்டு, சென்னையில் இருபது முப்பது கடை வைத்திருக்கிற ஒரு பெரிய கம்பெனிக்குப் பழம் அனுப்புவது. அட்டைப்பெட்டி கிடையாது. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பா, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் மூடி, டப்பாவுக்கு அரைக் கிலோ. ஒரு வாரத்துக்குள் மூன்று லோடு அனுப்பிக் காட்ட வேண்டும். மூன்றில் இரண்டு லோடாவது தேறினால் வருடம் பூராவும் ஆர்டர், பேக்கிங் நம் ஷெட்டிலேயே. தேறாவிட்டால் பழத்தைக் கிரேட்டில் கொட்டி ஓசூருக்கு அனுப்பிவிடுவது. அங்கே மெஷின் அடைத்துக்கொள்ளும். ஷெட்டுக்கு ஆள் வேண்டாம்.

எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பக்கம் வந்தது. 'ஷெட்டின் இலக்கு: எடை 500 கிராம். எடைக் குறைவுப் புகார்: பூஜ்யம்.' அதைக் கம்பம் டவுனுக்குப் போய்ப் பிரிண்ட் போட்டு வந்து தராசுக்கு மேலே ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் பெருமையாக நின்று பார்த்தேன். என்னைச் சொல்லணும்.

முதல் லோடு அன்றைக்கு வினோத்ராஜ் சாரே வந்து தராசு பக்கத்தில் நின்றார். மோசமான ஆள் கிடையாது. அல்லிநகரத்துப் பையன், கோயம்புத்தூரில் படித்தவர். எங்களோடு உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார். ஆனால் கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒருவர் குனிந்து குனிந்து பார்த்தால் எந்தக் கைக்குத்தான் கூச்சம் வராது? மதினி எடை போட்டு டப்பாவை இறக்கினாள். கை பழக்கத்தில் கொத்துக்குப் போனது. சார் நிற்பதைப் பார்த்துத் திரும்பி வந்தது. அப்படியே மூடியைப் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே மூடினார்கள். சாயந்திரம் லாரி போன பிறகு கை கழுவும்போது மதினி, "நாலாயிரம் பெட்டியவும் மொட்டையா அனுப்பிட்டோமேடி" என்றாள். அதை எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த லோடு தேறிவிட்டது. ஆனால் மறுநாளே போன் வந்தது.

"மேடம், பதினோரு டப்பால ஆறு கிராம், ஏழு கிராம் குறையுதுன்னு எழுதியிருக்காங்க. பூஜ்யம்னுதான நம்ம டார்கெட்? ரெண்டாவது லோடுல இது வரவே கூடாது."

பழம் வழியில் கொஞ்சம் காயும், எடை இறங்கும். ஏழு கிராம் அப்படிப் போனதுதான். அதை நான் அவருக்கும் சொல்லவில்லை, இவர்களுக்கும் சொல்லவில்லை. நேரே ஷெட்டுக்குள் போய்க் கத்தினேன்.

"எடை குறையுதுன்னு சென்னையில எழுதிட்டாக! இன்னொரு தடவை குறைஞ்சா ஷெட்டை இழுத்து மூடிருவாக. ஊரு பூரா நம்மளை மொட்டைக்கைன்னு பேசப்போகுது, கேட்டுக்கிட்டு நில்லுங்க!"

என் நாக்கை அறுத்துப் போட்டால்கூடத் தகும். எத்தனையோ வார்த்தை இருக்க, அந்த வார்த்தையைப் போய் எடுத்தேன். மதினி முகம் சுண்டிப்போனது. தலையைக் குனிந்துகொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது லோடில் ஒரு டப்பாகூட மேல்கொத்து இல்லாமல் போகவில்லை. அதுவும் சின்னக் கொத்து இல்லை. முதல் லோடில் விட்டதற்கும் சேர்த்து வைத்தார்கள். மூடி லேசில் பூட்டவில்லை. இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினால்தான் 'டக்' என்று விழுந்தது. அன்றைக்குப் பூராவும் ஷெட்டில் அந்த டக், டக் சத்தம்தான். மலையம்மாள் என்று ஒருத்தி, எங்கள் கூட்டத்திலேயே வாயாடி, "ஏத்தா மகா, இந்த டப்பா மூடியும் எம் மாமியா வாயும் ஒண்ணு, அமுக்கினாத்தான் அடங்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன், பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வழியில் பத்துக் கிராம் காய்ந்தாலும் இனி குறையாது, நம் பிள்ளைகள் விவரமானதுகள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மறுபடியும் போன்.

"சூப்பர் மேடம்! எடைக் குறைவு ஒண்ணுகூட இல்லை. உங்க கட்டம் பச்சையாயிருச்சு."

ஆபீசில் ஒரு பெரிய அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். நன்றாக நடந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. என் கட்டம் பச்சை. அதைச் சொன்ன மனிதர், அதே லோடில் ஆயிரத்து நானூறு டப்பா ஒழுகுகிறது என்று சென்னையில் ஒதுக்கி வைத்ததை என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அது வேறு கட்டம். பழத்தின் தரம் என்றால் தோட்டக்காரர் கட்டம். வண்டியில் குளிர் போதவில்லை என்றால் டிரைவர் கட்டம். தோட்டத்துக்கு ஆள் அனுப்பி, பழத்தை இரண்டு நாள் முன்னாலேயே வெட்டச் சொன்னார்கள். வண்டிக்காரனைக் கூப்பிட்டுக் குளிரை ஏற்றச் சொன்னார்கள். ஷெட்டை ஒருவரும் கேட்கவில்லை. பச்சையாக இருக்கிற கட்டத்தைப் போய் எவன் தோண்டுவான்?

எங்களைப் பொறுத்தவரை சந்தோஷமான சேதிதான் வந்திருந்தது. மூன்றாவது லோடு அன்றைக்கு மலையம்மாள் எல்லாருக்கும் பால்பன் வாங்கிக் கொடுத்தாள். மதினி காலையிலேயே தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "இன்னைக்கு ஒண்ணு கூட மொட்டையாப் போகக்கூடாது, சொல்லிட்டேன்" என்று வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தாள். டக், டக், டக். நாலு மணிக்கு லாரிக் கதவைச் சாத்தி, சென்னைக் கம்பெனி கொடுத்த சீல் பூட்டை நானே போட்டேன். லாரி கிளம்பியது. பெண்கள் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஐந்தேகாலுக்கு வேல்பாண்டி வந்தான். இரண்டாவது லோடை ஓட்டிப் போனவன் அவன். சென்னையில் கிடந்து, வேறு சரக்கு ஏற்றி, மதுரையில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறான். வண்டியை ஷெட் வாசலில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"ஏ தங்கச்சி, இங்கன வா. அங்கன வேண்டாம்னு ஒதுக்குனதுல நாலு டப்பாவக் கேட்டு எடுத்தாந்தேன், பிள்ளைகளுக்கு ஆகும்னு. பாத்தா நாறுது. நீயே பாரு இந்தக் கண்றாவிய."

டப்பாவைக் கையில் வாங்கினேன். அடியில் கருஞ்சிவப்பாகச் சாறு கட்டி நின்றது. பக்கத்துப் பழமெல்லாம் அதில் ஊறி வெள்ளைப் பூசணம் பிடித்திருந்தது. மூடியைப் பார்த்தேன். மூடிக்கு அடியில், நசுங்கித் தட்டையாகி, ஒரு சின்னக் கொத்தின் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் ஐந்தாறு பழம் தோல் கிழிந்து கிடந்தது. இன்னொரு டப்பாவை எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் அதே காம்பு. நாலிலும்.

பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. ஒரு பழம் வெடித்தால் போதும், அந்த ஈரத்தில் டப்பா முழுக்கப் போய்விடும். இது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அட்டைப்பெட்டியில் தாளுக்கும் பழத்துக்கும் நடுவே இடம் இருந்தது. இதில் இல்லை. இவ்வளவுதான் விஷயம். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை டப்பா அண்ணே ஒதுக்குனாக?"

"ஆயிரத்துக்கு மேல. ஏன், ஒனக்குச் சொல்லலையா?"

வினோத்ராஜ் சாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாலாவது தடவை எடுத்தார்.

"சார், வண்டியத் திருப்பச் சொல்லுங்க. டப்பா பூரா நசுங்கிப் போகும்."

"எந்த டப்பா மேடம்? ஷெட் சைடுல எல்லாம் கரெக்டாத்தான இருக்கு?"

"கரெக்டா இல்லை சார். கூட இருக்கு."

"கூட இருந்தா நல்லதுதான மேடம்?"

சொன்னேன். மேல்கொத்து என்றால் என்ன, மூடி எப்படிப் பூட்டுகிறது, வேல்பாண்டி கொண்டுவந்த டப்பாவில் என்ன பார்த்தேன், எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எவ்வளவு கூட இருக்கும்?"

"நாப்பது, அம்பது கிராம்."

"எல்லா டப்பாலயுமா?"

"ஒண்ணு விடாம."

முதலாளியையும் அதே போனில் சேர்த்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முதலாளி பாதியிலேயே, "அடக் கடவுளே, மேல்கொத்து..." என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. "அது எனக்குத் தோணலையேம்மா. இத்தன வருசமா அதை வச்சுத்தான பேரு வாங்குனேன், எனக்குத் தோணலையே."

வினோத்ராஜ் சார்தான் கேட்டார். "வண்டி இப்ப தேனியத் தாண்டுது. திருப்பிக் கொண்டாந்தா எவ்வளவு நேரத்துல சரி பண்ணுவீங்க மேடம்?"

கணக்குப் போட்டேன். வண்டி திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம். பெண்களை வீடு வீடாகப் போய்க் கூட்டி வர வேண்டும். நாலாயிரம் மூடியைத் திறந்து, கொத்தை எடுத்து, நசுங்கின பழத்தைப் பொறுக்கி, துடைத்து, திரும்ப எடை போட்டு மூட, என்ன பறந்தாலும் ஆறு மணி நேரம். அப்புறம் சென்னைக்குப் பத்து மணி நேரம்.

"எத்தனை மணிக்கு சார் அங்க உள்ள போகணும்?"

"காலைல ஆறுக்குள்ள. ஆறு தாண்டினா கேட்டுலயே திருப்பிருவாங்க. லோடு வரலைன்னு எழுதிருவாங்க."

"ஆகாது சார்" என்றேன். நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

"அப்பப் போகட்டும்" என்றார் முதலாளி. "அம்புட்டுமா நசுங்கிரும்? கொஞ்சம் தப்பிக்கும்ல?"

போனை வைத்துவிட்டு ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆண்டிபட்டி தாண்டியிருக்கும், உசிலம்பட்டி தாண்டியிருக்கும் என்று மனசு லாரி பின்னாலேயே ஓடியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மூடிக்குக் கீழே பழம் வெடிப்பது எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? சீல் பூட்டைப் போட்டவளே நான்தான். வேல்பாண்டி கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றான். பிறகு, "நான் வாரேன் தங்கச்சி" என்று நாலு டப்பாவையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் மதினி வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "லோடு போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு மதினி."

"எடை?"

"குறையல."

அவளுக்கு அது போதும். முகம் மலர்ந்துபோய் உள்ளே போனாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் டப்பாவை ஒதுக்கிவிட்டார்கள் என்ற சேதி பத்து மணிக்கு வந்தது.

திங்கட்கிழமை தேனி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே போனதும் அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒரே ஒரு லோடு குடுக்கச் சொல்லுங்க சார். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மேல்கொத்து வைக்க மாட்டாக. அது தப்பு வேலை இல்லை சார், பழக்கம்."

"நான் கேட்டுட்டேன் மேடம்" என்றார் வினோத்ராஜ் சார். அவர் கண்ணும் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தது. "ரெண்டு தடவை கேட்டேன். பழம் வேணும்கிறாங்க. பழத்தைக் குறையே சொல்லலை. பேக்கிங் மட்டும் இங்க வேணாங்கிறாங்க."

பழத்தைக் கிரேட்டில் கொட்டி ஓசூருக்கு அனுப்பப் போகிறார்கள். கேரளாவுக்கு இனி லோடு இல்லை. இருக்கிற பழம் பூராவும் சென்னைக்கு என்று கையெழுத்தாகிவிட்டது. திட்டம் பிழைத்துக்கொண்டது. ஷெட்தான் போனது. முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "ஒனக்கு வேலை இருக்கு தாயி. கிரேட்டு ஏத்துறத நிண்டு பாக்க ஆள் வேணும்ல" என்றார். நன்றி சொல்வதா காறித் துப்புவதா என்று தெரியாமல் நின்றேன்.

வினோத்ராஜ் சார் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். அன்றைக்கு ஹாலில் காட்டிய திட்டம். பதினேழாவது பக்கத்தில் ஒரு டப்பாவின் படம், அழகாகக் கலர் கொடுத்து. மூடிக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு கோடு. 'அரை விரல் இடைவெளி கட்டாயம். பழம் மூடியைத் தொடக்கூடாது.'

"இதை மீட்டிங்ல விளக்கமாவே சொன்னோமே மேடம். நீங்களும் வந்திருந்தீங்கள்ல?"

"இதை எத்தனை மணிக்குச் சார் காட்டுனீங்க?"

அவர் யோசித்தார். "சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி."

முதலாளி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மோர் குறைகிறது என்று நான் மெஸ்காரனிடம் மல்லுக்கு நின்ற நேரம் அது.

திரும்பி வந்து ஷெட்டில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். நாளையிலிருந்து வேலை இல்லை என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நேராகவே சொன்னேன். ஒருத்தி அழுதாள், ஒருத்தி முதலாளியை மண்ணை வாரித் தூற்றினாள். மதினி மட்டும் எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாத மாதிரி கேட்டாள்.

"எடை குறைஞ்சிருச்சாத்தா?"

"இல்லை மதினி. கூடிப்போச்சு. மேல்கொத்து வச்சோம்ல, அது மூடியில நசுங்கிப் பழம் பூரா கெட்டுப்போச்சு. அதான்."

மதினி என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு மாதிரி சிரித்தாள்.

"கூடப் போட்டதுக்கு யாராச்சும் வேலைய விட்டு நிப்பாட்டுவாகளா? என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற. குறைஞ்சிருச்சுன்னே சொல்லேன் மகா. அந்த முத லோடுலயே எனக்குத் தெரியும்."

"சத்தியமாச் சொல்றேன் மதினி, என் பிள்ளை மேல சத்தியமா. குறையல."

"பிள்ளை மேலயெல்லாம் சத்தியம் பண்ணாத." அவள் திரும்பிப் போய்த் தன் துண்டையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் கூடி நின்ற மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வேலை போனதற்குக் குனியாத தலை, எடை குறைந்தது என்றதும் குனிந்துவிட்டது. பின்னாலேயே ஓடிப்போய்ப் பதினேழாம் பக்கத்தைக் காட்டினால்தான் என்ன, நம்பவா போகிறார்கள்?

மறுநாள் காலையில் கிரேட் ஏற்ற லாரி வரும் என்று ஏழு மணிக்கே ஷெட்டைத் திறக்கப் போனேன். மதினி வாசலில் நின்றாள். கூட மலையம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பேரும். நடுவில் ஒரு பெரிய மூங்கில் கூடை, மேலே ஈரத்துணி. மதினி துணியை விலக்கினாள். கூடை நிறையப் பன்னீர் திராட்சை. அடிபடாத, காம்பு பச்சையாக இருக்கிற, நாங்கள் முதல் தரம் என்று பிரிக்கிற பழம்.

"இது எதுக்கு மதினி?"

"எம்புட்டுக் குறைஞ்சதுன்னு நீ சொல்ல மாட்டேங்குற. ஆளுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோன்னு தோட்டத்துல வாங்கியாந்தோம். முதலாளிட்டக் குடுத்திரு. குறைஞ்சது நேராயிருச்சுன்னு சொல்லு. வேலை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. எங்களை மொட்டைக்கைன்னு மட்டும் எழுதி வச்சிர வேண்டாம்னு சொல்லு."

"குறையல மதினி..." என்று ஆரம்பித்தேன்.

"நீ எடையப் போடு."

கதவைத் திறந்தேன். தராசுக்கு மேலே நான் ஒட்டின தாள் அப்படியே இருந்தது. இரண்டு பேராகக் கூடையைத் தூக்கி வைத்தோம். கூடையின் எடை போக இருபது கிலோ காட்டியது. மதினி எட்டிப் பார்த்தாள். "சரியா இருக்கா? எல்லாரும் பாத்துக்கங்க" என்றாள். எல்லாரும் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

கூடையைத் தராசிலிருந்து இறக்கினோம். மதினி ஈரத்துணியை மூடப்போனவள் நின்று, மடியிலிருந்து ஒரு சின்னக் கொத்தை எடுத்து மேலே வைத்தாள்.

"இப்ப எழுதிக்க" என்றாள்.